விஷ்ராந்த்வாடி வீட்டு எறும்புகளைக் கொல்லாமல் வழியனுப்ப

ஆளந்தியிலிருந்து புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கு, திகி வழியாக விஷ்ராந்த்வாடியைக் கடந்து புணே நகருக்குள் போவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில். மழை பிடிப்பதும் அப்போதுதான். புற்றுக்குள் தண்ணீர் இறங்கியதும் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறுகின்றன. தரைத்தளத்து வீடுகள் முதலில் பார்க்கும். குழாய் ஏறிப் போகும் வழியாக மேல்மாடிக்கும் வந்துவிடும். இன்னொரு பருவம் ஏப்ரல், மே. வெயில் 40 டிகிரியை நெருங்கும் அந்த நாட்களில் அவை தேடுவது தண்ணீரை. சர்க்கரை டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சிங்க் ஓரத்தில் சாரை தெரிவது அதனால்தான்.

எதற்கு வந்தன, எப்படி வந்தன என்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் பூச்சிமருந்துக்கு வேலையே இல்லை. ஆனால் செய்யும் வரிசை முக்கியம். எடுத்ததும் ஓட்டையை அடைத்துவிட்டால், உள்ளே வந்தவை திரும்ப வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே அலையும்.

முதல் வேலை பார்ப்பது. சாரையைக் கண்டதும் துணியை எடுக்காதீர்கள். ஒரு முனை எந்த உணவில் அல்லது ஈரத்தில் முடிகிறது, மறுமுனை எந்த ஓட்டையில் மறைகிறது என்று கண்டுபிடியுங்கள். இரவில் சமையலறை விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால் பகலில் கண்ணுக்குத் தப்பிய தடமும் தெரியும். நுழைவிடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள்.

என்ன எறும்பு என்பதையும் பாருங்கள். கடிக்காமல் அவசரமாக ஓடும் சின்னக் கறுப்பு, நம் பிள்ளையார் எறும்பு, அதனால் பயமில்லை. சுருக்கென்று கடிக்கும் சின்னச் சிவப்பு என்றால் தவழும் குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ உள்ள அறையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். அக்கம்பக்கத்து மராட்டியர்கள் முங்களா என்று சொல்லும் பெரிய கட்டெறும்பு கதவு நிலைக்குள் போய்வந்துகொண்டிருந்தால், அந்த மரம் ஈரத்தில் ஊறியிருக்கலாம். எங்கே கசிகிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றுபவற்றில் இடுப்பு ஒடுங்கியிருப்பது எறும்பு. இடுப்பு ஒடுங்காமல், நான்கு இறக்கையும் ஒரே நீளத்தில் இருந்தால் ஈசல், அதாவது கறையான். அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்து, வந்த காரணத்தை எடுங்கள். டப்பாவுக்குள் இருப்பதைவிட டப்பாவுக்கு வெளியே ஒட்டியிருப்பதுதான் எறும்பை இழுக்கிறது. எண்ணெய்த் தூக்கின் அடி, நெய் ஜாடியின் கழுத்து, கிரைண்டர் ஓரத்தில் காய்ந்த மாவு, வெல்லம் சுற்றிய காகிதம், குழந்தை சோபாவுக்கு அடியில் விட்ட சிக்கித் துண்டு, நாய்க்கு வைத்த சாப்பாட்டின் மிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள். குப்பைக் கூடையை இரவே வெளியேற்றுங்கள். கோடையில் சிங்க்கை இரவில் துடைத்துக் காயவிட்டு, சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். அதோடு பால்கனியில் ஒரு தட்டில் சிறு கற்களைப் போட்டு, அவை மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வைத்தால் எறும்புக்கும் கிடைக்கும், தேனீக்கும் கிடைக்கும். பால்கனிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் அது சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வரும், அந்தப் பூச்சியைக் காவலும் காக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் இரண்டும் குறையும்.

ஏற்கெனவே சர்க்கரைக்குள் இறங்கிவிட்டால்? வெயில் இருந்தால் அகலமான தட்டில் பரப்பி வெயிலோரம் வையுங்கள். அவையே இறங்கிப் போய்விடும். புணே மழைக்காலத்தில் நாள்கணக்கில் வெயிலே வராது. அப்போது பால்கனியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் திறந்த டப்பாவை வையுங்கள். டப்பாவின் விளிம்பிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு ஓர் ஈர்க்குச்சியைப் பாலமாகப் போட்டு, டப்பாவை அவ்வப்போது லேசாகத் தட்டிக்கொடுங்கள். கலவரப்பட்டவை பாலத்தில் ஏறி வெளியேறும். பொறுமை வேண்டும். பிறகு நான்கைந்து கிராம்பு போட்டு மூடி வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம்.

இப்போது தடத்தை அழிக்கலாம். உணவைக் கண்டு திரும்பும் எறும்பு வயிற்றுச் சுரப்பால் தரையில் வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகிறது. அடுத்தது அதன்மேல் நடந்து கோட்டை இன்னும் அழுத்தமாக்குகிறது. உணவை எடுத்துச் சில மணி நேரத்தில் கூட்டம் குறையும். மிச்சமிருப்பவற்றை மென்மையான பிரஷால் காகிதத்தில் ஒதுக்கி வெளியே விட்டுவிட்டு, உணவிருந்த இடத்திலிருந்து ஓட்டை வரை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். வினிகர் போடச் சொல்பவர்கள் உண்டு. டைல்ஸுக்குச் சரி, இங்கே பல வீடுகளின் சமையல் மேடை கடப்பாக் கல், பழைய வீடுகளின் தரை ஷகாபாத் கல். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. வினிகரும் எலுமிச்சையும் பட்ட இடம் பளபளப்புப் போய் வெளுத்துவிடும், திரும்ப வராது. அந்தக் கற்களுக்குச் சோப்பு மட்டும் போதும். மஞ்சள்தூள் கோடு வாசனையைக் கொஞ்ச நேரம் குழப்பும், அவ்வளவுதான். மிளகாய்த்தூள் வேண்டாம், குழந்தையின் கண்ணுக்குப் போகும். சூடமும் நாப்தலீன் உருண்டையும் வாயில் போட்டால் விஷம். அவற்றைச் சமையலறையில் வைக்கவே கூடாது.

கடைசியாகத்தான் அடைப்பு. பென்சில் குறி போட்ட இடத்தில் போக்குவரத்து ஒருநாள் முழுக்க நின்றபின், சுவர் விரிசலுக்கு வெள்ளை சிமென்ட், குழாய் நுழையும் இடத்துக்கு எம்-சீல், ஜன்னல் சட்டத்துக்கு சிலிக்கான். சுவரைத் தொடும் மரக்கிளையை ஓர் அடி விலக்கி வெட்டுங்கள். சுவிட்ச் போர்டுக்குள் எறும்பு போனால் எதையும் ஊற்றவோ பீய்ச்சவோ கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது இன்றும் நல்ல வழி. ஆனால் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். தட்டுத் தண்ணீரைத் தினமும் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள்.

ஸ்பிரே பற்றிச் சொல்ல வேண்டும். நம் கண்ணில் படுவது கூட்டத்தின் சிறு பங்குதான். ராணி உள்ளே இருக்கிறது. மருத்துவமனைகளிலும் காணப்படும் மஞ்சள் நிறப் பொடி எறும்புக்கு ஒரு கூட்டில் பல ராணிகள். ஸ்பிரே அடித்தால் அது பல கூடுகளாகப் பிரிந்து அடுத்த அறைகளுக்கும் பரவும். எறும்புச் சாக்கில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருக்கிறது. குழந்தைக்கு அது சிலேட்டுச் சாக்காகத்தான் தெரியும். பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் எறும்புப் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு காலத்தில் வீடுதோறும் தூவிய கமாக்சின், அதாவது பி.எச்.சி., இந்தியாவில் 1997-இல் தடைசெய்யப்பட்டது. அதே குடும்பத்து லிண்டேனின் பயன்பாடும் 2013-இல் நிறுத்தப்பட்டது. பரணில் பழைய டப்பா இருந்தால் கையுறை போட்டு எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, அபாயக் குப்பை என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

கடிக்கும் எறும்பு, இத்தனையும் செய்த பிறகும் நோயாளியின் படுக்கைக்கு வருகிறது என்றால் கொல்லும் வழியை நாட வேண்டியிருக்கும். மனிதரைக் காப்பது முதலில். அப்போதும் ஸ்பிரேயைவிட இரை மேல். 100 மி.லி. வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். இதற்கு மேல் கூட்டினால் வேலைக்கார எறும்பு கூட்டுக்குப் போகும் முன்பே செத்துவிடும். பஞ்சில் நனைத்து, ஓட்டையிட்ட மூடி டப்பாவில், குழந்தையும் பிராணியும் எட்டாத இடத்தில் வையுங்கள். கேரம் பலகைக்குத் தூவும் பவுடர் பலவற்றில் இதே போரிக் அமிலம்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடிபட்ட இடத்தைச் சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடம்பெங்கும் தடித்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். கடையில் வாங்கும் ரங்கோலிப் பொடி பெரும்பாலும் கல் மாவு, அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை. நிலைப்படியை ஒட்டிப் போடாமல் இரண்டு அடி தள்ளிப் போடுங்கள். அடுக்குமாடிக்காரர்கள் கீழே மரத்தடிப் புற்றருகே ஒரு பிடி அரிசி மாவு வைக்கலாம். மார்வாடிக் குடும்பங்கள் மாவும் சர்க்கரையும் கலந்து இப்படி இடுவதுண்டு.

சொசைட்டியில் மொத்தமாக மருந்தடிக்கும் நாள் வந்தால், என்ன மருந்து என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. உங்கள் வீட்டுக்குள் ஜெல் இரை மட்டும் போதும் என்று சொல்லலாம். மீன் தொட்டி இருந்தால் அன்றைக்கு மூடி, காற்று பம்ப்பை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். பூனையை வேறு வீட்டில் விடுங்கள். பைரித்ராய்டு இரண்டுக்குமே ஆகாது.