அழிக்கும் முன் திறந்து பாருங்கள்

நெல்லியடிச் சந்திக் கடையில் காணி உறுதியை ஸ்கான் செய்து கூகுள் ட்றைவில் ஏற்றியதும் கைபேசிப் பிரதியை அழித்துவிடாதீர்கள். பதிவேற்றம் முடிந்ததாகக் காட்டினாலும் அது போதாது. வேறொரு கைபேசியிலோ கணினியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, கோப்பை இறக்கிப் பாருங்கள். கடைசிப் பக்கம்வரை போய், நொத்தாரிசின் முத்திரையும் கையொப்பமும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். கோப்பின் அளவும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடைக் கணினியென்றால் இறக்கியதை அழித்து, கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

இலவச இடம் 15 ஜிபிதான். ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதற்குள்ளேயே. நிறைந்துவிட்டால் புதிதாக எதுவும் ஏறாது.

ஏறிய கோப்பும் தொலையலாம். 2023 இல் இலங்கை அரச மேகக் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை; அந்தக் காலத்துக்குத் தனிக் காப்புப் பிரதி இருக்கவில்லை. எனவே பென்ட்றைவிலும் ஒரு பிரதி வையுங்கள். மூல உறுதியை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.