முதுகெலும்பு வாதத்துக்கு ஸ்டெம் செல்

கேள்வி: அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோயை ஸ்டெம் செல் சிகிச்சை குணப்படுத்துமா?

பதில்: இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டுகளில் அழற்சியாகத் தொடங்கி, நாளடைவில் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடக்கூடிய நோய் இது. இதற்காகச் சோதிக்கப்படுபவை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை போன்ற திசுக்களிலிருந்து எடுக்கப்படும் மெசென்கைமல் ஸ்டெம் செல்கள். ஒட்டிய எலும்பை அவை பிரிக்குமா என்பதல்ல ஆய்வுகளின் நோக்கம். அழற்சிக்குக் காரணமான, எல்லை மீறிய நோயெதிர்ப்பாற்றலை அடக்குமா என்பதே கேள்வி. விளம்பரங்கள்தான் இதைத் திரித்துச் சொல்கின்றன.

சீனாவில், வலிநிவாரணிகளுக்குக் கட்டுப்படாத 31 பேருக்கு வாரம் ஒருமுறை என நான்கு முறை இந்தச் செல்களை ரத்தக்குழாய் வழியே செலுத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. நான்காம் வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நிவாரணம் கிடைத்தது; சில வாரங்களில் அது தேய்ந்தது. கடுமையான பக்கவிளைவு இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. வலி தானாகவே ஏறி இறங்கும் இந்நோயில் இது பெரிய குறை.

இந்நோய்க்கு ஏற்கெனவே தரப்படும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., ஐ.எல்.-17 புரதங்களை முடக்கும் ஊசி மருந்துகளுக்கோ பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர ஸ்டெம் செல்லை மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வு என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள்.