தொண்டை எனும் கொடிப்பெயர்: ஒசூர் எல்லைப்பகுதி மொழிச்சான்றுகள்

முன்னுரை

தொண்டை மண்டலம், தொண்டையர், தொண்டைமான் ஆகிய பெயர்களுக்கு அடிப்படை ‘தொண்டை’ என்னும் கொடியே என்பது மரபு. அக்கொடி கோவையா, முட்செடியாகிய ஆதொண்டையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ப் பேரகராதி இரு பொருளையும் தருகிறது. இன்றைய பேச்சுத்தமிழில் தொண்டை மிடற்றையே குறிப்பதால், தமிழ் வழக்கை மட்டும் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தல் அரிது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அருகருகே வழங்கும் ஒசூர், கிருஷ்ணகிரி எல்லைப்பகுதி இதற்குத் தரும் சான்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு காய், இரு சொல்

தமிழர் கோவைக்காய் என்பதனைக் கன்னடர் தொண்டெகாயி என்பர். தெலுங்கர் முதலெழுத்தை ஒலிப்புடன் கூறித் தொண்டகாய என்பர். மலையாளம் கோவக்காய் எனத் தமிழோடு நிற்கிறது. மராத்தியில் இக்காய் தோண்டலி எனப்படுகிறது. ஆகவே கோவை தமிழ், மலையாள வழக்காகவும், தொண்டை அவற்றினும் பரந்த வழக்காகவும் அமைகின்றன. தமிழிலக்கியம் மகளிர் இதழுக்குத் தொண்டைக்கனியையும் கொவ்வைக்கனியையும் உவமையாக்குகிறது. இருபெயரும் ஒரே செங்கனியைச் சுட்டியதை இவ்வுவமை ஒற்றுமை உணர்த்துகிறது.

ஆதொண்டை

தெலுங்கில் தொண்ட என்பது கோவையையும், ஆதொண்ட என்பது வளைமுட்களையுடைய ஆதொண்டையையும் குறிக்கின்றன. அடைபெறாத வடிவம் கோவைக்கும், அடைபெற்ற வடிவம் முட்செடிக்கும் உரியதாதலின், அடிச்சொல்லின் முதற்பொருள் கோவை எனக் கொள்ளுதலே பொருந்தும். திரையன் பிறப்பைக் கூறும் நச்சினார்க்கினியர், நாககன்னி தன் மகவைத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்ட கதையைத் தருகிறார். குழவிக்குக் கட்டுதற்கு முள்ளற்ற கோவையே இயைவதாகும். எனினும் இது துணைச்சான்றே, முதன்மைச்சான்று சொல்லமைப்பேயாம்.

முடிவுரை

தமிழ்ப் பேச்சில் வழக்கிழந்த ஒரு பொருளை அண்டை மொழிகள் காத்துள்ளன. எல்லைவட்டார வழக்குகளைக் கலப்பு மொழி என ஒதுக்குவது இத்தகைய சான்றுகளை இழப்பதாகும். கோவை வேலிகளிலும் புதர்களிலும் தானே படரும் கொடி. தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் பெருகும் இப்பகுதியில் உயிர்வேலிகள் மதிற்சுவர்களாக மாறுகின்றன. காய் சந்தையில் நிலைக்கலாம்; காட்டுக்கொடியின் இலை, வேர், பூ பற்றிய மும்மொழிச் சொற்கள் நிலைப்பது ஐயமே. மூத்தோரிடமிருந்து அவற்றைத் தொகுத்தல் தாவரப்பெயராய்விற்கு மட்டுமன்றித் தமிழக வரலாற்றாய்விற்கும் உடனடித் தேவையாகும்.