கூட்டுறவு மனைகளும் பெருநிறுவன முதலும்

மனையின்றி மாந்தர்க்கு மாண்புடைய வாழ்வில்லை. ஆயினும், நாட்கூலி பெறுவோர் தம் சேமிப்பொன்றையே கொண்டு வீடு கட்டுதல் அரிது. பெருநிறுவனங்களோ இலாபங் கருதியே முதலிடுவன. இவ்விரண்டும் இயையுமாறு உண்டோவெனின், உண்டென்பதற்கு நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதி சான்றாகும்.

1926-இல் அம்மாநிலத்தார் ஒரு சட்டமியற்றி, பங்கிலாபத்தை நூற்றுக்கு 6 என வரையறுத்துக்கொள்ளும் வீட்டுக் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை நல்கினர். அதன் துணையால் ஆடைத் தொழிலாளர் சங்கத்தார், ஆபிரகாம் கசான் என்பார் முயற்சியால், 1927-இல் கூட்டுறவு இல்லங்களைத் திறந்தனர். குடும்பத்தார் அறையொன்றுக்கு 500 டாலர் பங்குத்தொகை செலுத்தினர். மெட்ரோபாலிட்டன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் அடைமானக் கடன் ஈந்தனர். தவணை தவறாதவரை, கடனீந்தோர்க்கு வட்டியும் முதலுமேயன்றி மனையின் ஆட்சியிற் பங்கில்லை, ஆட்சி குடியிருப்போரதே. நீங்குவோர் தம் பங்கைச் சங்கத்திற்கே திருப்புவர். ஆதலின், வீடு விலையேற்றி விற்கும் வாணிகப் பண்டமாயிற்றில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உளது. அதே பிராங்க்ஸில் தொழிலாளர் எழுப்பிய மற்றொரு கூட்டுறவுக் குடியிருப்பு, பொருளாதார மந்தத்திற்குப் பின் கடன்சுமை தாங்கலாற்றாது, 1943-இல் தன் உடைமையை இழந்தது. முன்னதோ அவ்விடரைக் கடந்து நிலைத்தது. பிறர் முதல் கொடையன்று, கடனே என்பதும், அதனைத் தீர்க்கும் பொறுப்பு உடைமையோடு உடன்வருவதென்பதும் இதனாற் புலனாம்.

கோபுரம் கட்ட விழைவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டுமென ஆண்டவர் அறிவுறுத்தினாரன்றோ? கூடி மனையெழுப்புவோர் அவ்வறிவுரையை மறவாதிருப்பாராக!