மீனாவுக்கு: தாத்தா வீடு கலைக்கூடம் ஆவதற்கு முன்



உன் கடிதத்தில் பாதி சுவர் நிறம், மீதி திறப்பு விழா. கும்பகோணத்துத் தாத்தா வீட்டை ஊருக்கான கலைக்கூடமாக்கப் போகிறாய், லாபம் பார்க்கப் போவதில்லை, பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரப் போகிறாய். படிக்கப் படிக்க எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஆனால் இவ்வளவு எழுதியவள், யார் வருவார்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! கடைசியில் போகிறபோக்கில் "எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தப் பெயின்ட் டப்பாவைக் கீழே வை. உன் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள். அவளை ஒரு தடவை உள்ளே வரவழைப்பது சுலபம். மறுபடி வருவாளா? இனி நீ எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியிடம் கொண்டுபோய் நிறுத்து.

முதல் வருஷமே ஐம்பது பள்ளிகள் என்கிறாய். வேண்டாம். ஐம்பது பள்ளி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். வேன் வந்து நிற்கும். பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக ஒரு சுற்று வருவார்கள். குரூப் போட்டோ, பிஸ்கட், டாட்டா. அடுத்த வேன். உன் ஆண்டறிக்கை நிறைந்திருக்கும், பிள்ளைகளுக்கு ஒரு படமும் நினைவிருக்காது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, மாதம் ஒரு முறை, வருஷம் முழுக்க என்று வைத்துக்கொள். முதல் தடவை யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். முற்றத்தைப் பார்ப்பார்கள், மச்சுக்கு ஏறலாமா என்பார்கள், பாத்ரூம் எங்கே என்பார்கள். பார்க்கட்டும், இடம் பழகவேண்டாமா? அடுத்த தடவை படம் கண்ணில் படும். இன்னும் சில தடவை போனால் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இதுதாண்டி நான் சொன்னேனே" என்று காட்டுவாள். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

பணம் கொடுப்பவர்கள் எண்ணிக்கை கேட்பார்களே என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. கேட்கட்டும். தேர்வும் விடுமுறையும் போக நாற்பது பிள்ளைகள் வருஷத்தில் எட்டு முறை வந்தார்கள், முதல் தடவை வரைந்தது இது, எட்டாம் தடவை வரைந்தது இது என்று இரண்டு தாள்களை மேஜைமேல் வை. அதைப் பார்த்தும் ஐம்பது பள்ளிதான் வேண்டும் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு.

தலைமையாசிரியையைப் பார்க்கப் போகும்போது திட்ட அறிக்கையை நீட்டாதே. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுத் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள். எந்தப் பீரியடை விட்டுத்தர முடியும் என்று கேள். கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டுமென்றால் கடிதத்தை நீயே தயார் செய்து கொண்டுபோய்க் கொடு. அவர் தலையில் கட்டாதே. பெரிய முகூர்த்த நாளில் உன் தெருவில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவர முடியாது, அதையும் பார்த்துத் தேதி வை. பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் என்ன நிலவரம் என்பதும் தெரியும். அவரை விருந்தாளியாக உட்காரவைத்துவிட்டு நீ வகுப்பெடுக்காதே. இருவரும் சேர்ந்து நடத்துங்கள், அவருக்கு மதிப்பூதியமும் கொடு.

அடுத்தது அந்த ஓவியப் போட்டி. எனக்குத் தெரியும், திறப்பு விழாவன்றே வைக்கப் பார்ப்பாய். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, பக்கத்தில் தென்னை. இதைத்தானே நீயும் வரைந்தாய், நானும் வரைந்தேன்? மலையே இல்லாத காவிரிப் படுகையில் பிறந்த பிள்ளையும் அதே இரண்டு மலையைத்தான் வரைகிறது, ஏனென்றால் பரிசு அதற்குத்தான் கிடைக்கும் என்று யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பரிசு கொடுத்து மற்றவர்களை 'எனக்கு வரைய வராது' என்று வீட்டுக்கு அனுப்பும் வேலையை உன் கூடம் செய்யக்கூடாது. போட்டி வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு அரசு 2022-லிருந்து பள்ளிகளில் நடத்தும் கலைத் திருவிழா இருக்கிறது. உன் வீட்டில் போட்டி இல்லாமல் வரையட்டும்.

படத்தின் முன்னால் பிள்ளைகளோடு நிற்கும்போது கவின்கலைக் கல்லூரியில் நீ படித்ததையெல்லாம் கொட்டிவிடாதே அம்மா. ஓவியர் பெயர், பிறந்த வருஷம், பாணி என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் நோட்டை எடுத்துவிடுவார்கள், கண்ணை மூடிவிடுவார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். அதில் நடத்துபவர் கேட்பது மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்னென்ன தெரிகிறது. இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "அந்த அம்மா கோபமா இருக்காங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், சரி தப்பு என்று சொல்லாமல், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேள். அது மறுபடி படத்தைப் பார்க்கும். புருவத்தைக் காட்டும், இடுப்பில் வைத்த கையைக் காட்டும். பக்கத்திலிருக்கும் பிள்ளை, "இல்ல, களைச்சுப் போயிருக்காங்க" என்று சண்டைக்கு வரும். அப்போது நீ வாயைத் திறக்காதே; உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும்.

எதை மாட்டுவது? நவீன ஓவியம் மட்டும் என்கிறாய். உன் ஆசை புரிகிறது. ஆனால் பக்கத்திலேயே சிலை வார்க்கும் சுவாமிமலையை விட்டுவிட்டு உன்னால் அங்கே ஒரு கலைக்கூடம் நடத்த முடியுமா? ஒரு ஸ்தபதியைக் கூப்பிட்டு உட்காரவை. தென்னங்கீற்றிலிருந்து ஒரு நறுக்கைக் கிழித்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து, முகத்தை அலகாகக் கொண்ட தாள அளவுகளைக் குறித்துக்கொள்வார்களே, அந்த ஒடியோலையைப் பிள்ளைகள் கையில் கொடு. ஸ்கேல் இல்லாமல் ஓர் ஓலையைச் சம பங்காக மடிப்பது எப்படி என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். மடித்த பிறகு, தங்கள் முகம் தங்கள் உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளக்கட்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்த மெழுகில் ஒரு விரல் செய்யட்டும். அதன்மேல் காவிரி வண்டலை ஏன் பூசுகிறார்கள், மெழுகு எங்கே போகிறது, அந்த இடத்துக்கு உலோகம் எப்படி வருகிறது என்பதை உருவம் ஒன்று வெளிவரும்வரை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து பார்க்கட்டும். மறுபடி வருவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? துணியில் வரையும் கருப்பூர்க் கலம்காரியும் அப்படித்தான். அதற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரில் தொங்கும் அந்தத் துணித் தொம்பையைப் பார்க்காத பிள்ளை உன் ஊரில் இல்லை. அதை வரைகிற கையைப் பார்த்த பிள்ளைதான் இல்லை.

நவீனம் இதற்கு எதிரி இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? எழுத்துப் போன்ற கிறுக்கல்கள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள். முறையாக அனுமதி வாங்கி நல்ல அச்சுப்படி ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் வைத்துப் பார். வீட்டில் மஞ்சள் தடவிய ஜாதகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் படத்துக்குள் நுழைய உன் விளக்கம் தேவைப்படாது.

திறக்கும் நேரத்தைத் திங்கள் முதல் வெள்ளி, பத்து முதல் ஐந்து என்று எழுதியிருக்கிறாயே, அது யாருக்கு? பாத்திரக் கடையில் வேலை செய்பவர் எப்போது வருவார்? லண்டனின் கிழக்கே ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒயிட்சேப்பலில், சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் மனைவி ஹென்றியட்டாவும் 1881-லிருந்து பள்ளிக்கூட அறைகளில் ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்கக்கூடாது என்று எதிர்ப்பு வந்தது. உழைப்பவனுக்கு ஓய்வு அன்றைக்குத்தான் என்று அவர்கள் திறந்தே வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1901-இல் திறந்த ஒயிட்சேப்பல் கேலரி. பிக்காஸோவின் 'குவெர்னிகா' 1939-இல் அங்கே வந்தபோது, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் போராடுபவர்களுக்கு அனுப்ப மக்கள் பூட்ஸ் ஜோடிகளைக் கொண்டுவந்து படத்தின் கீழே வைத்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் இடம் என்று நினைக்கும் கூடத்தில் அப்படி நடக்கும். நீ திங்கள், செவ்வாய் மூடு. ஞாயிறு இரவு எட்டுவரை திற. வாசலில் நிற்பவரை யோசித்துத் தேர்ந்தெடு. "என்ன வேணும்?" என்று கேட்கிற ஆள் வேண்டாம், "வாங்க" என்கிற ஆள் வேண்டும். திண்ணையை அடைத்துக் கண்ணாடிக் கதவு போடுகிறேன் என்றாயே, அதை மட்டும் செய்யாதே. உள்ளே வரக் கூச்சப்படுபவர்கள் முதலில் உட்காருவது அங்கேதான்.

சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். காகிதத்தில் வரைந்தவற்றுக்கும் சாயத்துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். முற்றத்து வெயில் நேராகப் படுகிற சுவரில் கலம்காரியை மாட்டினால் சாயம் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் ஓதம் காக்கும், அதனால் ஃப்ரேமின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்து, காற்று போகட்டும். பிள்ளைகள் வரும் அறையில் படங்களை ஒரு சாண் இறக்கி மாட்டு. நிறம் உன் இஷ்டம்.

இனி பணம். லாபம் வேண்டாம் என்பதும் பணம் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல கண்ணு. கூடத்தை நடத்தும் டிரஸ்டில் முழுக்கச் சொந்தக்காரர்களைப் போடாதே. வீடு குடும்பத்துச் சொத்து, கூடம் பொதுச் சொத்து. இரண்டுக்கும் நடுவில் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பங்காளி வந்து வாசலில் நிற்கலாம். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவை வாங்கியபின் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு அந்த வரிச்சலுகை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வங்கிவழி வாங்கு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணத்தை நம்பி முதல் பட்ஜெட் போட்டிருக்கிறாய். அவர்களுக்காகத் திட்டத்தை நடத்தும் டிரஸ்டுக்கு 3 ஆண்டு செயல்பட்ட அனுபவம் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த மூன்று வருஷம் எப்படி ஓட்டுவாய் என்பதைத்தான் இப்போது யோசிக்கவேண்டும். சிங்கப்பூர்ச் சித்தப்பா தருவார் என்கிறாய். அவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் வாங்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நூறு ரூபாய்கூட வாங்காதே.

படம் விற்றுச் சமாளிக்கலாம் என்பாய். கலையைப் பொதுநல நோக்கமாகக் காட்டிப் பதிவு செய்தால் வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆடிட்டரிடம் இப்போதே உட்கார்ந்து பேசு. அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. விற்பனையை நம்பினால் வாங்குகிறவருக்குப் பிடித்த படம் சுவருக்கு வரும், பிள்ளைகள் மூலைக்குப் போவார்கள். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது ஓவியர்கள் பட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தாக்குப்பிடித்தார்கள். வயிற்றுப்பாட்டை அதில் பார்த்துக்கொண்டதால் சந்தைக்காக வரையவேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் குறைந்தது. நீயும் மாதச் சந்தாவாகச் சிறு தொகை தரும் ஊர்க்காரர்களைத் தேடு. டாக்டர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒரே பெரிய மனிதர் எல்லாவற்றையும் தருகிறேன் என்றால் முகப்பில் அவர் பெயர் வரும், பிறகு மருமகன் வரைந்த படமும் வரும்.

கிடைக்கும் முதல் பணத்தில் விளக்குச் சாமான் வாங்காதே. பிள்ளைகளோடு பேசத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வருஷச் சம்பளத்தை எடுத்து வை. மாதாமாதம் அந்த முகம் மாறாமல் இருந்தால்தான் பிள்ளைகள் பழகுவார்கள்.

டிரஸ்ட் பத்திர வரைவை அனுப்பு, படித்துக் குறித்துத் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால், பொங்கல் விடுமுறை வருவதற்குள், அந்தத் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுது. சுவர் நிறத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இருக்கக்கூடாது.

அன்புடன்,
அத்தை