வி.சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே: என்ன வித்தியாசம்?

இந்த மூன்று தகடுகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மூன்றும் 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். ஆனால் ஒன்றில் படம் மங்கலாகத் தெரியும், இன்னொன்றில் பளிச்சுன்னு இருக்கும். ஏன்?

தகட்டுக்குள் என்ன இருக்கிறது?
கண்ணுக்குத் தெரியாத குழிகள் நடுவிலிருந்து ஓரம் வரை சுருளாக வரிசையில் இருக்கும். லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும். குழி தொடங்கும் இடமும் முடியும் இடமும் 1. மாற்றம் இல்லாத இடம் 0. (குழி என்றால் 0, மேடு என்றால் 1 என்று நினைப்பது தவறு.) இந்த 1, 0 தான் படமாகவும் பாட்டாகவும் மாறுது.

வித்தியாசம் எங்கே?
ஒரு தாளில் தடித்த மார்க்கரால் எழுதினால் பத்து வரிதான் பிடிக்கும். பேனாவில் முப்பது வரி. கூராகச் சீவிய பென்சிலில் இன்னும் அதிகம். லேசரும் அப்படித்தான். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சின்னதாகும், பொடிக் குழியையும் படிக்கும்.

★ வி.சி.டி. (1993): அகச்சிவப்பு லேசர், 780 நானோமீட்டர். பாதை இடைவெளி 1.6 மைக்ரான். சுமார் 700 எம்.பி. படம் 352 × 288 புள்ளிகள்.
★ டி.வி.டி. (1996): சிவப்பு லேசர், 650 நானோமீட்டர். இடைவெளி 0.74 மைக்ரான். ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி. படம் 720 × 576 புள்ளிகள்.
★ ப்ளூ-ரே (2006): ஊதா லேசர், 405 நானோமீட்டர். இடைவெளி 0.32 மைக்ரான். ஓர் அடுக்கில் 25 ஜி.பி. படம் 1920 × 1080 புள்ளிகள்.

(ஒரு மீட்டரை 100 கோடி பாகமாக்கினால் ஒரு பாகம்தான் நானோமீட்டர்!)

வி.சி.டி.யில் ஒரு தகட்டுக்கு 74 நிமிடம், மிஞ்சினால் 80. அதனால்தான் தமிழ்ப் படம்னா இரண்டு, மூன்று தகடு வந்தது. டி.வி.டி.யில் முழுப்படமும் ஒன்றிலேயே அடங்கிடுச்சு.

செய்து பாருங்க!
சி.டி.யையும் டி.வி.டி.யையும் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. டி.வி.டி.யில் வானவில் நிறங்கள் அகலமாக விரியும். பாதைகள் நெருக்கமாக இருப்பதே காரணம். சூரிய ஒளியில் மட்டும் செய்யாதீங்க, கண்ணுக்கு ஆபத்து.

எப்படித் துடைப்பது?
வட்டமாகத் துடைக்காதீங்க. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும். குறுக்கே விழும் கீறலைக் கருவி சமாளிச்சுடும். பாதையோடு விழும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழிக்கும். சி.டி., வி.சி.டி.யில் தகவல் படம் ஒட்டிய மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கு. அங்கே கீறினால் திரும்பக் கிடைக்காது.

முக்கியமான விஷயம்!
கடையில் வாங்கும் படத் தகட்டில் குழிகள் அச்சில் அழுத்தியவை. வீட்டு விசேஷத்துக்கு எழுதித் தந்த தகடுகளில் பெரும்பாலும் இருப்பது சாயப்பூச்சு. வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கும். தாத்தா பாட்டி குரல், அக்கா கல்யாணம், நம்ம காதுகுத்து எல்லாம் அதில் இருக்கலாம். சோனி நிறுவனம் வீட்டில் பதியும் ப்ளூ-ரே தகடு தயாரிப்பையே 2025-இல் நிறுத்திவிட்டது. தகடு படிக்கும் கருவியும் புதுக் கம்ப்யூட்டர்களில் அரிது.

எனவே இந்த விடுமுறையிலேயே அலமாரியைத் திறங்க. ஓடுகிற தகடுகளைக் காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்க. படம் போனால் மறுபடி வாங்கலாம், பாட்டி குரலை வாங்க முடியாது!