டிராக்டரின் குதிரைத்திறனும் முறுக்குவிசையும்: அளப்பது எப்படி?

டிராக்டர் வாங்கச் செல்லும் விவசாயி முதலில் கேட்பது, "இது எத்தனை எச்.பி.?" என்பதுதான். விற்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். பெரும்பாலும் அந்த எண்ணை நம்பியே கடன் வாங்கி வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். ஒரே எச்.பி. கொண்ட இரண்டு வண்டிகளில் ஒன்று இறுகிய மண்ணில் தயங்காமல் உழும். மற்றொன்று திணறி நிற்கும். இதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் குதிரைத்திறன், முறுக்குவிசை ஆகிய இரண்டையும் அளக்கும் முறையை அறிந்து கொள்வது நல்லது.

இரண்டும் வேறு வேறு

இறுகிப் போன நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் கைப்பிடி நீளமாக இருந்தால் வேலை எளிதாகிறது. 1 மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், நட்டின் மேல் விழும் முறுக்குவிசை 10 கிலோகிராம் மீட்டர். ஒரு தண்டைத் திருகும் பலமே முறுக்குவிசை.

குதிரைத்திறன் என்பது வேலை நடக்கும் வேகத்தையும் சேர்த்த கணக்கு. 75 கிலோ எடையை 1 விநாடியில் 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது 1 குதிரைத்திறன். ஒரு ஜோடி உழவு மாடுகள் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறக்குறைய இவ்வளவே.

டைனமோமீட்டர் வேலை செய்யும் விதம்

இஞ்சினின் திறனை அளக்க அதன் ஓட்டத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். 1821-ல் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் புரோனி இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். சுழலும் சக்கரத்தை மரக்கட்டைகளால் இறுக்கி, அவற்றோடு இணைத்த நீண்ட கையைத் தராசின் மேல் அழுந்தச் செய்தார். தராசு காட்டும் எடையைக் கையின் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை கிடைத்தது. இன்றைய டைனமோமீட்டரின் அடிப்படையும் இதுவே. மரக்கட்டைக்குப் பதில் தண்ணீரோ மின்காந்தமோ தடை கொடுக்கிறது.

டிராக்டரின் பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டை இக்கருவியோடு இணைக்கிறார்கள். இஞ்சினை நன்றாகச் சூடேற விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் முறுக்குவிசை, சுழல்வேகம், டீசல் செலவு ஆகியவை குறிக்கப்படும். சோதனை மணிக்கணக்கில் நடக்கும். காற்று சூடாக இருந்தால் திறன் குறையும் என்பதால் காற்றின் வெப்பமும் குறிக்கப்படும்.

முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். உதாரணமாக, பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது 45 கிலோகிராம் மீட்டர் முறுக்குவிசை இருந்தால், திறன் சுமார் 34 எச்.பி.

திணறுவது ஏன்?

கலப்பை கெட்டி மண்ணில் மாட்டும்போது இஞ்சினின் வேகம் குறைகிறது. அப்போது முறுக்குவிசை எவ்வளவு கூடுகிறது என்பதே முக்கியம். மேலே சொன்ன 34 எச்.பி. தரும் இரண்டு வண்டிகளை எடுத்துக் கொள்வோம். வேகம் 400 சுற்றாகக் குறையும்போது முதல் வண்டியின் முறுக்குவிசை 54 ஆகக் கூடுகிறது. அப்போதும் 30 எச்.பி. மிச்சம் இருக்கிறது. இரண்டாவது வண்டியில் அது 47 வரையே கூடினால், கிடைப்பது 26 எச்.பி. மட்டும். முதல் வண்டி சமாளித்துப் போகும். இரண்டாவதில் ஓட்டுநர் கியரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சின் நின்றுவிடும்.

ஒரு விவசாயி கொண்டுவந்த சட்டம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த வில்மட் குரோசியர் என்ற விவசாயி, வாங்கிய டிராக்டர் சொன்னபடி உழைக்காததால் ஏமாந்தார். பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். அவரது முயற்சியால், சோதனை செய்யப்படாத டிராக்டரை அம்மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் வந்தது. சோதனைக்கு வரும் வண்டி, விற்பனைக்கு வருவது போலவே எந்த மாற்றமும் செய்யப்படாததாக இருக்க வேண்டும். 1920-ல் முதலில் தேறிய 'வாட்டர்லூ பாய்' வண்டிக்கு 12-25 என்று பெயர். இழுக்கும்போது 12 எச்.பி., பெல்ட் ஓட்டும்போது 25 எச்.பி. என்பது அதன் பொருள். ஒரே வண்டிக்கு இரண்டு எண் உண்டு என்பதை அன்றே ஒளிக்காமல் சொன்னார்கள்.

நம் நாட்டில் மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது.

கவனிக்க வேண்டியவை

1. விளம்பரத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் இஞ்சின் எச்.பி. கியர்களைக் கடந்து பி.டி.ஓ.வுக்கு வரும்போது அதில் சுமார் 10 முதல் 15 சதவீதம் குறையும். உழுத மண்ணில் சக்கரம் வழுக்குவதால் இழுக்கும் திறன் இன்னும் குறையும். ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ. திறனையும், கலப்பைக்கு இழுவைத் திறனையும் பார்க்க வேண்டும்.

2. வாங்குமுன் விற்பனையாளரிடம் சோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். அதில் அதிகபட்ச முறுக்குவிசை எவ்வளவு, எந்த வேகத்தில் அது கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். திறன் கிலோவாட்டில் இருந்தால் 1.36-ஆல் பெருக்கினால் எச்.பி. வரும்.

3. டீசல் செலவையும் கணக்கிட வேண்டும். 1 எச்.பி.க்கு மணிக்கு 200 கிராம் என்றால், 30 எச்.பி. வேலைக்கு மணிக்கு 6 கிலோ, அதாவது 7 லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும்.

4. டீசல் பம்பைத் திருகி எச்.பி.யைக் கூட்டித் தருவதாகச் சொல்பவர்களை நம்பக் கூடாது. கூடுதல் டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகையாகப் போகும். இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகித் தேயும்.

டிராக்டர் கடன் ஆண்டுக்கணக்கில் கட்ட வேண்டியது. அறிக்கையைப் படிக்க ஆகும் ஒரு மணி நேரம், அத்தனை ஆண்டுக் கவலையைக் குறைக்கும்.